கழுவி மாட்டிய ஸ்பேனர்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நேற்றும் வந்தேன். ஜெயில் பார்வையாளர் அறையில் ஒன்பது நாற்காலிகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குக் கால் ஆடுகிறது. போன தடவையும் இந்தத் தடவையும் எனக்கு அதுதான் வாய்த்தது. என் முறை வந்ததும் காவலர் உள்ளே போய்விட்டு வந்து, "உங்க தம்பி வரமாட்டேன்னுட்டார்மா. பார்க்க வேண்டியவங்க லிஸ்ட்லேருந்து உங்களை அடிச்சுட்டார்" என்றார். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னதால் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

உன் கோபம் எனக்குத் தெரியும். நாலு வருஷமாக நீ மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாய், கடைசி ஆறு வாரம் சாப்பிடவில்லை என்று போலீஸிடம் சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? உன் கருவிப் பையின் அடியில், நட்டு போட்டு வைக்கிற டப்பாவில் நாற்பத்திரண்டு மாத்திரை இருந்தது. இரண்டு தடவை எண்ணினேன். எண்ணுவதுதானே என் தொழில். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தட்டிலே ஒரு கத்தரிக்கோல் குறைந்தால் கண்டுபிடிக்கிற எனக்கு, வீட்டிலே தம்பி குறைந்துகொண்டு வந்தது தெரியவில்லை.

வக்கீலம்மாவைப் பார்த்தேன். சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. "நோய் இருந்துச்சான்னு மட்டும் சட்டம் கேக்காதுக்கா. அந்த நேரத்துல தான் செய்யறது என்ன, அது தப்புன்னு அவருக்குத் தெரிஞ்சுதான்னு கேக்கும். தெரியலேன்னு நிரூபிச்சா தண்டனை கிடையாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க" என்றாள்.

கீழ் வீடு பூட்டியிருக்கிறது. டெய்லர் வீட்டம்மா தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பதினோரு வருஷம் நம் தரைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் இப்போது ஓடவில்லை. வீட்டில் இவ்வளவு அமைதி இருந்து நான் பார்த்ததில்லை. ஃபிரிட்ஜ் நின்றால்கூடத் திடுக்கென்கிறது.

இந்தக் கடிதத்தை வாசலில் ஒருவர் படித்த பிறகுதான் உன்னிடம் தருவாராம். படிக்கிறவருக்கும் என் வணக்கம். அடுத்த வாரமும் வருவேன்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 19

அக்கா,

வராதே. வந்தாலும் நான் வரமாட்டேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடி உயரத்தில் மனிதர்களைத் தொங்கவிடுகிற கம்பியை என் கையை நம்பித்தான் கொடுத்தார்கள். நீ ஒரே ஒரு வாக்குமூலத்தில் என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிவிட்டாய். இனி நான் மணி மூன்று என்று சொன்னாலும் கேட்கிறவன் கடிகாரத்தைப் பார்ப்பான்.

இங்கே மாத்திரையை வாயில் போட்டு, விழுங்கினேனா என்று நாக்கைத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஐந்து வாரமாக ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். ஒன்று சொல்கிறேன், கேள். அப்போது அந்த மெஷின் என் பெயரைச் சொன்னது. மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் சொன்னது. என்னைப் பற்றி யாருக்கோ தகவல் போகிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரியும். இப்போது அப்படி எதுவும் இல்லை என்று தெரிகிறது. இது தெரிவதற்கு முன்னால் நான் நன்றாகத் தூங்கினேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். நான் குடிக்கிறேன். என் அறையில் இருக்கிறவரை எல்லோரும் 'காலண்டர்' என்பார்கள். அவருக்கு இன்னும் அறுநூற்றுப் பதினேழு நாள் இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைச் சொல்வார், சொல்லும்போது முகம் தெளிந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் நான் என்ன எண்ணுவது? டாக்டர் சரி என்று சொல்லும்வரை என்பது ஒரு தேதியா?

அரசு வக்கீல் சொல்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்பேனர் கழுவப்பட்டு, சமையலறைப் பலகையில் அதன் இடத்தில் மாட்டியிருந்தது. தப்பு என்று தெரியாதவன் எதற்குக் கழுவுகிறான் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. கழுவியது எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் மாட்டியிருந்ததே! வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? அப்படியானால் எனக்குள் ஒருத்தன் புத்தியோடு இருந்திருக்கிறான். தப்பு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனை நான் விடமாட்டேன்.

என் நீல பேண்ட்டை வக்கீலம்மாவிடம் கொடுத்தனுப்பு. வேலைக்குப் போடுவேனே, அது.

&nbsp;

மார்ச் 2

தம்பிக்கு,

பழுப்பு பேண்ட் அனுப்பியிருக்கிறேன். நீலம் கிடைக்கவில்லை.

குளிர் குறைந்துவிட்டது. பால்கனிக் கதவு மழையில் உப்பி மூட மாட்டேன் என்கிறது. நீ இருந்தால் ஒரு சீவு சீவியிருப்பாய். என் சூப்பர்வைசர், அதான் நீ 'கொதிகலன்' என்று பெயர் வைத்தாயே, அவர் இப்போது என்னிடம் மெதுவாகப் பேசுகிறார். அவர் கத்துவதே தேவலை. சாப்பாட்டு நேரத்தில் என் மேஜையில் யாரும் உட்காருவதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நானும் சுவரைப் பார்த்துச் சாப்பிடப் பழகிவிட்டேன்.

அந்த ஸ்பேனரைப் பற்றி நீ ரொம்ப யோசிக்காதே. அதில் ஒன்றும் இல்லை. வக்கீலம்மாவும் அதையே துருவித் துருவிக் கேட்கிறாள். எனக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அந்தப் பலகையை நீ மாட்டிய அன்று நான் எவ்வளவு கேலி செய்தேன்? ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்து, எடுத்தால் அதே இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றாய். என் கத்தரிக்கோலுக்கும் ஒரு உருவம் வரைந்து கொடுத்தாய். "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிடா" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இன்னும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை.

அக்கா

&nbsp;

மார்ச் 9

அக்கா,

இதை வக்கீலம்மா கையில் ஒட்டிக் கொடுக்கிறேன். அவர் கையால் போவதை வாசலில் பிரிக்க மாட்டார்கள்.

குற்றப்பத்திரிகை நகல் கொடுத்தார்கள். பரிசோதனை அறிக்கையை நாலு தடவை படித்தேன். ஸ்பேனர் தண்ணீரில் கழுவப்பட்டிருக்கிறது. நீல நிறத் துணியின் நூல் ஒட்டியிருக்கிறது. வாயை அகட்டுகிற திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விடப்பட்டிருக்கிறது. திருகின் பல்லுக்குள் மட்டும் ரத்தம் மிஞ்சியிருந்திருக்கிறது.

பதினாறு வருஷத் தொழிலில் நான் ஸ்பேனரைத் தண்ணீரில் காட்டியதே இல்லை. எந்த மெக்கானிக்கும் காட்டமாட்டான், துரு ஏறும். மண்ணெண்ணெயைத் தொட்டு வேஸ்ட் துணியால் ஒரு துடைப்பு, முடிந்தது. புத்தி இருந்த நானும் தண்ணீரில் கழுவமாட்டேன், புத்தி கெட்ட நானும் கழுவமாட்டேன்.

கழுவி, ஆஸ்பத்திரி நீலத் துணியால் ஒற்றி, மூட்டில் எண்ணெய் விட்டு, வந்த இடத்தில் வைப்பது யார் வேலை என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் கருவிகளுக்குத் தினம் எட்டு மணி நேரம் அதைத்தானே செய்கிறாய்.

நான் கேட்கப்போவதில்லை. நீயும் சொல்லாதே. சொன்னால் தடயத்தை அழித்தாள் என்று உன்னைப் பிடிப்பார்கள், வேலையும் போகும். அது ஒரு காரணம். இன்னொன்று என் சுயநலம். அந்த ஸ்பேனரை எனக்கு விட்டுவிடு. புத்தியுள்ள மனிதனாக நான் செய்ததற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் டெய்லரை ஒரு நோய் கொன்றது, நான் வெறுமனே பக்கத்தில் நின்றேன் என்றாகிவிடும். அவர் எனக்கு எத்தனை தடவை பொத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறார்.

தம்பி

&nbsp;

மார்ச் 15

தம்பிக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். இனி முழுவதும் சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசாமல் படி.

அன்றைக்கு மூன்றரைக்குப் பணி முடிந்து வந்தேன். டெய்லர் கதவு திறந்திருந்தது. அவர் மெஷின் மேல் சாய்ந்திருந்தார். அந்த அம்மா வெளியே போயிருந்தார். நீ மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாய். ஸ்பேனரைக் குழந்தையை வைத்திருப்பது மாதிரி மடியில் வைத்திருந்தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். "அக்கா, நிறுத்திட்டேன். இனிமே உன் பேரும் சொல்லாது" என்றாய். எவ்வளவு நிம்மதி உன் முகத்தில்! அந்த முகத்தைத்தான் நான் கோர்ட்டில் சொல்லியாக வேண்டும். தப்பு செய்தவன் முகம் இல்லை அது.

நான் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு மேலே போனேன். ரத்தத்தைக் குளிர்ந்த தண்ணீரில்தான் கழுவ வேண்டும், வெந்நீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் கழுவினேன். துடைத்தேன். எண்ணெய் விட்டேன். பலகையில் மாட்டினேன். உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. எதுவுமே நினைக்கவில்லை. ரத்தத்தோடு ஒரு கருவி கைக்கு வந்தது, கை அதன் வேலையைச் செய்தது. மாட்டிவிட்டு, இடம் சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்றும் பார்த்தேன். அப்போதுதான் கீழே ஒரு மனிதர் கிடக்கிறார் என்று உறைத்தது. ஓடிப்போய்ப் போன் செய்தேன். அவருக்கு மூச்சு இருந்தது. மூன்றாம் நாள்தான் போனது.

ஏறக்குறைய பத்து நிமிஷம். முன்னாலேயே கூப்பிட்டிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். வக்கீலம்மா அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். எனக்குக் காதில் ஏறவில்லை.

உனக்குப் புத்தி தெளிவாக இருந்ததா என்று ஊரே கூடிக் கேட்கிறது. எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. இதுதான் என்னைத் தின்கிறது.

நீ செய்யாததை உன் கணக்கில் வைத்துக்கொண்டு உன்னைக் கொலைகாரன் என்று சொல்ல நான் விடமாட்டேன். வெறுத்தால் வெறுத்துக்கொள். பாழாய்ப்போன அந்தப் பல்லிடுக்கையும் சுத்தமாகக் கழுவவில்லை. எங்கள் அறையில் என்றால் தட்டோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அக்கா

&nbsp;

ஜூன் 28

தம்பிக்கு,

தீர்ப்புக்குப் பிறகு உன்னை எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி முகவரியை வக்கீலம்மாதான் கொடுத்தாள்.

நான் கூண்டில் நின்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நீ எழுந்து, "அவ பொய் சொல்றா, நான்தான் கழுவினேன்" என்று கத்தினாய். ஐந்து மாதத்துக்குப் பிறகு உன் குரலை அப்போதுதான் கேட்டேன். அதற்காகவே இன்னொரு தடவை கத்தமாட்டாயா என்றிருந்தது.

தீர்ப்பு அன்று வெளியே வாசலில் டெய்லர் வீட்டம்மா நின்றிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்தார். திட்டவில்லை. "எனக்கு இந்தச் சட்டமெல்லாம் புரியலை. உன் தம்பி குற்றவாளி இல்லைன்னு படிச்சாங்க. அப்போ என் வீட்டுக்காரரைக் கொன்னது யாரு?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் பிடித்த இடம் சுட்டுக்கொண்டிருந்தது.

என் மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. கொதிகலன் வாசல்வரை வந்து வழியனுப்பினார். பரவாயில்லை. என்னை யாராவது கேட்டால் தேவலை என்றுதானே இருந்தேன், இப்போது கேட்கிறார்கள்.

நீ எழுதுவாயா?

அக்கா

&nbsp;

ஜூலை 20

அக்கா,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த அம்மா கேட்ட கேள்விக்காக எழுதுகிறேன்.

தனக்கே கேடு வரும்படி யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், அதனால் உன் சாட்சியை நம்புகிறேன் என்றார் நீதிபதி. நானும் எனக்குக் கேடு வரும்படிதான் சொன்னேன். நான் சொன்னதைப் பொய் என்றுகூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நோயின் தாக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு பொய்யன் ஆகக்கூட எனக்குத் தகுதி இல்லை.

இங்கே கம்பி கிடையாது, கதவுதான். உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு. பதினான்கு கட்டில். பக்கத்துக் கட்டில்காரர் யாருடனும் பேசமாட்டார். எதிர்க் கட்டில்காரர் பேசுவார், ஆனால் என்னோடு இல்லை. காலண்டரை நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு இன்னும் ஐந்நூறுக்குக் குறைவாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாவைப் பார்த்தால் சொல். மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லாதே, அது அவருக்கு இன்னொரு சுமை. கேட்டதற்குப் பதில் மட்டும் சொல். கொன்றது நான். சட்டம் என்னைத் தண்டிக்காமல் விட்டது, அது அதன் நியாயம். அவர் கேள்விக்கு நான்தான் பதில்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் உன் வழக்கு என்ன ஆயிற்று என்று எழுது.

தம்பி

&nbsp;

செப்டம்பர் 5

தம்பிக்கு,

நாலு மாதம். நேற்று உள்ளே வந்தேன். நூற்றிருபது நாள், இன்றோடு இரண்டு கழிந்தது. எனக்குத் தேதி கிடைத்துவிட்டது, உனக்குக் கிடைக்கவில்லை. மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றிக்கொடுத்திருப்பேன்.

நீ சொன்னதை அந்த அம்மாவுக்கு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை.

இங்கே என்னைச் சமையலறையில் போட்டிருக்கிறார்கள். கரண்டிகளை எண்ணி வாங்குகிறேன். சிரிக்காதே.

அக்கா

&nbsp;

நவம்பர் 17

அக்கா,

சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

உனக்கு இன்னும் நாற்பத்தாறு நாள். நான்தான் எண்ணுகிறேன். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான்.

இங்கே நோயாளிகளுக்கு ஒரு தையல் அறை உண்டு. ஆறு மெஷின். அந்த நடைபாதை வழியாக நான் போகவே மாட்டேன், சாப்பாட்டு அறைக்குச் சுற்றிக்கொண்டு போவேன். நர்ஸ் அண்ணன் இதைக் கவனித்திருக்கிறார். நான் மெக்கானிக் என்று ஃபைலில் படித்துவிட்டு, "ஒரு மெஷின் ஓடலை, கொஞ்சம் பாருங்களேன்" என்றார். மாட்டேன் என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். ஏழு வாரம் கேட்டார், முகம் சுளிக்காமல்.

நேற்றுப் போனேன். கதவருகே கால் நின்றுவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு உட்கார்ந்து அடியைக் கழற்றினேன். நூல் சுருண்டு பல்லில் சிக்கியிருந்தது, வேறொன்றும் இல்லை. எடுத்துவிட்டு எண்ணெய் போட்டு மிதித்தேன்.

தையல் மெஷின் சத்தம் அக்கா. வெறும் சத்தம். நிறுத்தி நிறுத்தி மிதித்துப் பார்த்தேன். அது எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கும் அது எதுவும் சொல்லியிருக்காது. டாக்டர்கள் சொன்னபோது மண்டைக்குத் தெரிந்தது. நேற்று என் காலுக்குத் தெரிந்தது. அந்த மெஷின் மேலேயே தலையை வைத்து அழுதேன். நர்ஸ் அண்ணன் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு வாசலில் நின்றுகொண்டார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவர் என்ன தைத்துக்கொண்டிருந்தார்?

தம்பி

&nbsp;

ஜனவரி 8

தம்பிக்கு,

வெளியே வந்து ஆறு நாள் ஆகிறது. உன் கேள்வியை உள்ளேயே படித்தேன். பதில் எழுத அங்கே மனம் வரவில்லை.

உன் நீல பேண்ட்.

மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டையும் நிறுத்தியிருந்தாய். பேண்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாய். அது நடந்ததற்கு முதல் நாள் நான் பேண்ட்டை எடுத்துப் போய் டெய்லரிடம் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி ரொம்ப இளைச்சுட்டாரே, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச் பிடிக்கணும். நாளைக்குச் சாயங்காலம் வாங்கிக்குங்க. அவரைக் கொஞ்சம் கவனிங்கம்மா" என்றார். நான் சரி என்றேன். கவனிக்கவில்லை.

உன்னிடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன். கேட்ட பிறகு மறைக்க என்னால் முடியாது, ஒரு தடவை மறைத்துப் பட்டதே போதும்.

கோர்ட்டில் இருந்த பொருட்களை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்பேனரை வேண்டாம் என்றுவிட்டேன். பேண்ட்டை வாங்கிக்கொண்டேன். இடது பக்கம் பிடித்திருக்கிறார், சின்னச் சின்னத் தையலாக, அழகாக. வலது பக்கம் சாக்பீஸ் கோடு மட்டும் இருக்கிறது.

பலகையில் ஸ்பேனரின் கறுப்பு உருவத்தைப் பார்த்தபடிதான் இதை எழுதுகிறேன். பேண்ட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. எரித்துவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அக்கா

&nbsp;

ஜனவரி 16

அக்கா,

எரிக்காதே. எடுத்துக்கொண்டு வா.

பார்க்க வேண்டியவர்கள் படிவத்தில் உன்னை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு பத்து மணிக்குப் பார்வையாளர் அறை திறக்கும். நான் முதலிலேயே வந்து உட்கார்ந்திருப்பேன்.

சாக்பீஸ் கோடு அழியாமல் மடித்து வை. வலது பக்கத்தை நான் தைத்துக்கொள்கிறேன்.

தம்பி